வலது முழங்காலுக்கு மூன்று வருட ஒப்பந்தம்

என் கணவருக்கு முப்பத்தேழு வயது முடிந்த மாதத்தில், அவர் ஆடிய கூடைப்பந்து அணியின் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டித்துத் தருவதாகச் சொன்னார். அந்த வயதில் ராஜபாளையத்தில் யாரும் அப்படி ஓர் ஒப்பந்தம் வாங்கியதில்லை. இவரோடு ஆடத் தொடங்கியவர்களில் ஒருவர்கூட அப்போது ஆட்டத்தில் இல்லை. சிலர் ரயில்வேயில் இருந்தார்கள், சிலர் போலீஸில் இருந்தார்கள், ஒருவர் சத்திரப்பட்டி ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். இவர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஒப்பந்தம் கைக்கு வருவதற்காக நான் ஒரு காரியம் செய்தேன். அதைப் பற்றி இதுவரை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினாறு வருடம் எக்ஸ்ரே எடுத்தேன். காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். விழுந்து கையை உடைத்துக்கொண்ட பிள்ளைகள், தென்னையிலிருந்து விழுந்தவர்கள், நெஞ்சுச் சளிக்காரர்கள் என்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் வருவார்கள். படத்தைப் பார்த்துச் சொல்வது டாக்டர் வேலை. ஆனால் பதினாறு வருடம் எலும்பைப் பார்த்தவளுக்கு டாக்டர் எழுதுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

என் கணவர் இடது கைக்காரர். அவர் பந்தைப் பிடித்துக்கொண்டு தரையை விட்டு எழும்புவதற்கும், பந்து கையை விட்டுப் போவதற்கும் நடுவில் ஒரு நொடி சும்மா நிற்பார். அந்தரத்தில்தான். அதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். மில்லில் ஷிஃப்ட் முடித்தவர்கள் தலையில் பஞ்சுத் தூசியோடு நேராகக் கோர்ட்டுக்கு வந்து கேலரியில் உட்காருவார்கள். மாநில அணிக்கு ஆறு வருடம் ஆடினார். வேலை தருகிறோம், எங்கள் அணிக்கு வா என்று கூப்பிட்டவர்களிடமெல்லாம் பிறகு பார்க்கலாம் என்றார். ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆடப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆட்டமே வேலையாக இருக்க வேண்டும் என்பார். கல்யாணமான புதிதில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. முப்பத்தைந்து தாண்டிய பிறகு, ஆட்டம் நின்றால் இவருக்கு வேறு எதுவுமே தெரியாதே என்று பயமாக இருந்தது. அந்தப் பயம் அவருக்கும் இருந்தது. இருவரும் அதைப் பேசிக்கொண்டதில்லை.

சில வருடங்களுக்கு முன் ஊருக்கு ஓர் அணி என்று சேர்த்து ஒரு லீக் தொடங்கினார்கள். எங்கள் ஊர் அணியை மில் வைத்திருக்கும் ஒருவர் எடுத்துக்கொண்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். என் கணவரை ‘தம்புடு’ என்றுதான் கூப்பிடுவார், தம்பி என்று அர்த்தம். பணமுள்ள அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்று லீக்கில் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு சீசனுக்கு இவ்வளவு சம்பளம்தான் தரலாம். அதற்கு மேல் தந்தால் அணியையே நீக்கிவிடுவார்கள். முதலாளி எவ்வளவு பெரிய மில் வைத்திருந்தாலும் அந்த வரம்பு வரம்புதான். ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

அணியில் கூமாப்பட்டிக்காரன் ஒருவன் இருந்தான். மலையடிவாரத்தில் தென்னையும் கொஞ்சம் வயலும் வைத்திருக்கும் குடும்பம். பத்தொன்பது வயதில் எங்கள் ஊருக்கு ஆட வந்தபோது அவனுக்கு இங்கே தங்க இடம் இல்லை. என் கணவர்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஒரு வருடம் எங்கள் மாடி அறையில் இருந்தான். நிலைக்கதவில் குனிந்து வராவிட்டால் தலை இடிக்கும், அவ்வளவு உயரம். என்னை மதினி என்று கூப்பிடுவான். பிறகு வேறு அறை எடுத்துப் போனபோதும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. கோர்ட்டில் என் கணவர் பந்து போடுகிறவர். இவன் கூடைக்குக் கீழே நின்று, திரும்பி வரும் பந்தைப் பிடித்து மறுபடி அவர் கையில் கொடுக்கிறவன். கைதட்டு எல்லாம் அவருக்கு. அவன் அதைக் குறையாக நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஒப்பந்தம் நீட்டித்ததற்கு முந்தின வருடம் அவனுக்குப் போலீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் வந்தது. அந்தத் தடவை விட்டால் வயது தாண்டிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்து என் கணவரிடம் காட்டினான். இவர் வாசித்துவிட்டு மடித்து அவன் பக்கம் தள்ளினார்.

“போயி? டூட்டி பாப்ப. வருசத்துக்கு ரெண்டு மேட்ச் ஆட விடுவான். நீ ஆடுற ஆட்டத்துக்கு அதுவாலே?”

“இதுக்குப் பொறவு வயசு போயிரும்ணே. அப்பாவும் சேந்துருன்னுதான் சொல்லுதாரு.”

“நா இருக்கேம்லே. நா ஆடுற வரைக்கும் ஒனக்கு இந்த டீம்ல எடம் உண்டு.”

அவன் என்னைப் பார்த்தான். என் அபிப்பிராயத்தைக் கேட்கிறான் என்று புரிந்தது. போ, அரசாங்க வேலையை விடாதே என்று என் வாய் வரைக்கும் வந்தது. குழம்பை ஊற்றிக்கொண்டே, அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றேன். அவன் அந்த வேலைக்குப் போகவில்லை.

அவர் அவனை நிறுத்தி வைத்தது பிரியத்தால் என்று அன்றைக்கு நினைத்தேன். பிரியமும் இருந்தது. ஆனால் அப்போதே அவருடைய வலது முட்டி போய்க்கொண்டிருந்தது. மாடிப்படியில் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவார். பயிற்சி முடிந்து வந்தால் ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி முட்டியில் வைத்துக்கொண்டு டிவி முன் உட்காருவார். மேட்சுக்கு முந்தின நாள் யாரிடமோ போய் ஊசி போட்டுக்கொண்டு வருவார், யார் என்று சொல்ல மாட்டார். கட்டாயப்படுத்தி ஒரு நாள் சென்டருக்கு வரவைத்துப் படம் எடுத்தேன். முழங்காலில் மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரிய வேண்டும். அங்கேதான் குருத்தெலும்பு இருக்கிறது. அவருடைய வலது முட்டியில் ஒரு பக்கம் அந்த இடைவெளியே இல்லை, எலும்பு எலும்பின் மேல் உட்கார்ந்திருந்தது. அறுபது எழுபது வயதுக்காரர்களிடம்தான் நான் அதைப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் காட்ட வேண்டாம் என்றார். நான் காட்டவில்லை. படத்தை அழித்துவிட்டேன்.

முதலாளி வந்த அன்று காப்பி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றேன். இவர் இல்லாவிட்டால் டிக்கெட் வாங்க ஆள் வராது, பேனரில் போட வேறு முகம் இல்லை என்றார் முதலாளி. அணியின் சம்பள வரம்பில் பாதிக்கு மேல் இவர் ஒருவருக்கே போகும், ஆனாலும் பரவாயில்லை என்றார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார்.

“தம்புடு, வலது முட்டியில வலின்னு கோச் சொல்லுதாரு. படம் ஒண்ணு எடுத்து டாக்டர்ட்ட எழுதி வாங்கிக் குடுத்துரு. லீக்ல கேப்பாங்க. வீட்டம்மா சென்டர்லயே எடுத்தாப் போதும். நீ சொன்னா எனக்கு நம்பிக்கைதான்.”

முதலாளி போன பிறகு நான் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தேன். இவர்தான் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்க்காமல், இடது முட்டி நல்லாத்தான இருக்கு என்றார். அவர் என்ன கேட்கிறார் என்று உடனே எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நான் நடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அதற்கு மேல் கேட்டிருக்க மாட்டார். அவ்வளவு கூச்சக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு மத்தியானத்தோடு லீவு. சாவி என்னிடம் இருக்கும். அவரை வரவைத்தேன். எக்ஸ்ரே எடுக்கும்போது வலது கால் என்றால் ஈயத்தில் செய்த ஆர் எழுத்தை ஓரத்தில் வைப்போம், இடது என்றால் எல். எந்தப் பக்கம் என்று படத்தைப் பார்ப்பவருக்குத் தெரிய அது ஒன்றுதான் அடையாளம். அவரை நிற்க வைத்து இடது முட்டியைப் படம் எடுத்தேன். பக்கத்தில் ஆர் எழுத்தைக் குப்புறப் போட்டு வைத்தேன். பிறகு கம்ப்யூட்டரில் படத்தை இடம் வலம் திருப்பினேன். இடது முட்டி வலது முட்டி ஆனது. குப்புற இருந்த எழுத்தும் நேராக வந்தது. மொத்தமே பத்து நிமிட வேலை. தினமும் செய்கிற வேலையைப் போலத்தான் இருந்தது. அதுதான் இப்போது நினைத்தால் என்னவோ செய்கிறது.

திங்கட்கிழமை எங்கள் டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி ஒரு முட்டியா, கொடுத்து வைத்தவர் என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

கையெழுத்துப் போட்ட அன்று இவருக்கு மாலை போட்டு ஃபோட்டோ எடுத்தார்கள். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். அடுத்த வாரம் அணியின் புதிய பட்டியல் வந்தது. வரம்புக்குள் வர வேண்டும் என்பதற்காக மூன்று பேரை நீக்கியிருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாகக் காலேஜ் பையன்கள் மூன்று பேர் குறைந்த சம்பளத்துக்கு வந்தார்கள். போனவர்களில் கூமாப்பட்டிக்காரனும் ஒருவன்.

அன்று சாயங்காலமே வந்தான். வழக்கமாக நேராக அடுப்படி வரைக்கும் வந்துவிடுகிறவன், அன்று முன் அறை நாற்காலியில் உட்கார்ந்தான். நான் காப்பி வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

“அண்ணே, மூணு பேர எடுத்துட்டாங்க. அதுல நானும் இருக்கேன்.”

கேள்விப்பட்டேன் என்றார் இவர்.

“மேனேஜர்ட்ட கேட்டேன். நீங்க ஒங்கதுல கொஞ்சம் கொறச்சிக்கிட்டா எனக்கு எடம் வருமாம். எனக்குப் பெருசா வேண்டாம்ணே. போன வருசம் வாங்குனதுல பாதி குடுத்தாலும் ஆடுறேன். நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

இவர் கையில் டிவி ரிமோட் இருந்தது. டிவி ஓடவில்லை. ரிமோட்டின் பின்பக்க மூடியைக் கழற்றி மாட்டினார், மறுபடி கழற்றினார். வெளியே தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்று, பெண்கள் குடத்தோடு போகிற சத்தம் கேட்டது.

“எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சுலே. இனி எப்பிடி மாத்த?”

மாற்றியிருக்கலாம். லீக்கில் பட்டியல் கொடுக்க இன்னும் பத்து நாள் இருந்தது. ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் சொல் என்று முதலாளியே என் முன்னால்தான் இவரிடம் சொல்லியிருந்தார். அது எனக்குத் தெரியும் என்பது இவருக்கும் தெரியும். அவன் இவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். காப்பியைக் குடிக்காமலே எழுந்தான். ‘வாரேன் மதினி’ என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்து வெளியே போனான். அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்தது. பிறகு நான் அந்தக் காப்பியைக் கொண்டுபோய்ச் சிங்கில் ஊற்றினேன். நீங்கள் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டால் நானும் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

அவர் ஏன் குறைத்துக்கொள்ளவில்லை என்று பிற்பாடு ஒரு தடவை அவராகவே சொன்னார். பணம் காரணம் இல்லை. இந்த ஊரில் யாருக்கும் கிடைக்காத ஒப்பந்தம் என்று நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அதில் கொஞ்சம் குறைத்தால், குறைத்த அளவுக்கு நான் கிழவன் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி என்றார். அதை அவர் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

சீசன் தொடங்கி நாலாவது மேட்ச் எங்கள் ஊரில். நான் கேலரியில் இருந்தேன். ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதி. அவர் பந்தை வாங்கி எழும்பினார், போட்டார், பந்து உள்ளே போனது. கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் தரையில் இறங்கினார். யாரும் அவரை இடிக்கவில்லை, பக்கத்தில் ஆளே இல்லை. வலது கால் முட்டியில் உள்பக்கமாக மடிந்தது. விழுந்தவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பெஞ்சில் இருந்த பையன்கள் ஓடினார்கள். அவர் கத்தவில்லை. கேலரியில் என்னைத் தேடினார். நான் எழுந்து நின்றேன், படியிறங்கிப் போகவில்லை.

மதுரையில் ஓர் எலும்பு டாக்டரிடம் கொண்டு போனோம். அவர் இரண்டு முட்டிக்கும் புதிதாகப் படம் எடுத்தார். முதலாளி கொடுத்தனுப்பிய கோப்பில் நான் எடுத்த பழைய படமும் இருந்தது. மூன்றையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். இவருக்கு இடது முட்டியில் சின்ன வயதில் விழுந்த அடியின் மிச்சமாகக் கடுகளவு எலும்புத் துணுக்கு ஒன்று உண்டு. புதிய படத்தில் அது இடது முட்டியில் இருந்தது. என் படத்தில் வலது முட்டியில் இருந்தது. டாக்டர் விரலை அதன் மேல் வைத்தார், பிறகு மற்றதன் மேல் வைத்தார். இவரை வெளியே வீல் சேரில் உட்கார வைத்திருந்தார்கள். அறையில் நான் மட்டும்தான்.

“இத எடுத்தது யாரும்மா?”

“நாந்தான் சார்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். பழைய படத்தைக் கழற்றி உறையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, ஆபரேஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இனிமேல் நடக்கலாம், ஓட முடியாது என்றார். ஒரு வருடத்துக்கு முன்பே நிறுத்தியிருந்தால் இவ்வளவு போயிருக்காது என்பதையும் சொன்னார். அதை என்னிடம் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா தெரியவில்லை.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நாலு மாதத்துக்கு முன்னால் நன்றாகத்தானே இருந்தது என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு அதுதான் மிகவும் எளிதாக வந்த பொய். இரண்டாவது தடவை எல்லாமே எளிதாகிவிடுகிறது. கவலைப்படாதீர்கள், நான் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், மூன்று வருடமும் தருவேன் என்றார்.

தரவும் செய்தார். அதுதான் பெரிய கொடுமையாக இருந்தது. காயம்பட்டு உட்கார்ந்தவரின் சம்பளமும் வரம்பில் சேரும் என்பது லீக் சட்டம். ஆடாத ஒருவருக்குப் பாதிக்கு மேல் போய்விட, மிச்சத்தில் நல்ல ஆள் யாரையும் எடுக்க முடியவில்லை. காலேஜ் பையன்கள் ஓடி ஓடித் தோற்றார்கள். சொந்த ஊர் மேட்சுகளுக்கு இவர் வந்தே ஆக வேண்டும் என்று மேனேஜர் சொன்னார், டிக்கெட்டுக்காக. இவர் ஜெர்சி போட்டுக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். முதலில் கூட்டம் இவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. பிறகு கத்தவில்லை. பிறகு வேறு மாதிரி கத்தியது. ஒரு தடவை அவரோடு மார்க்கெட்டுக்குப் போனபோது, தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் சும்மா பேச்சுவாக்கில், ஒக்காந்து சம்பளம் வாங்குற யோகம் எத்தன பேருக்குண்ணே வரும் என்றார். கேலி இல்லை, நிஜமாகவே பொறாமைப்பட்டார். இவர் அன்றிலிருந்து மார்க்கெட்டுக்கு வருவதில்லை.

இரண்டு வருடமும் கடைசி இடம். இரண்டாவது சீசன் முடிந்ததும் முதலாளி அணியை வேறு ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். மூன்றாவது வருடம் ஊரில் அணியே இல்லை, சம்பளம் மட்டும் வந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஃபோனில் மெசேஜ் சத்தம் கேட்டால் இவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

அந்த வருடம்தான் நான் எங்கள் சென்டர் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. அவர் கையெழுத்தும் அதில் இருந்ததல்லவா. வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம், ஆனால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அது நியாயம்தான். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வெளியே வந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது வத்திராயிருப்பு வழியாகக் கூமாப்பட்டி போகிற பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. யோசிக்காமல் ஏறிவிட்டேன். அவனைப் பார்த்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அப்பாவின் தோப்பைத்தான் பார்த்துக்கொள்கிறான் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன்.

ஊரில் வீட்டைக் கேட்டுப் போனேன். அவன் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள், வா என்று சொல்லவில்லை. தோப்பில் இருக்கான் என்று கையைக் காட்டினாள். மலைக்குப் பக்கத்தில் இருந்தது தோப்பு. ஒரு குட்டியானை வண்டியில் தேங்காய் ஏற்றிக்கொண்டிருந்தான். உடம்பு கறுத்து இளைத்திருந்தது. வண்டித் தட்டில் நின்றிருந்ததால் இன்னும் உயரமாகத் தெரிந்தான். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

நான் நின்றபடியே சொன்னேன். படம் மாற்றியதைச் சொன்னேன். முட்டி போய்விட்டது என்று தெரிந்தே கையெழுத்துப் போட வைத்தோம், அதனால்தான் உன் இடம் போனது என்றேன். போலீஸ் வேலைக்குப் போ என்று அன்றைக்கு என் வாய் வரை வந்ததையும் சொன்னேன். அவன் கையில் ஒரு தேங்காயை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

“படம் மாத்துனது தெரியாது மதினி. முட்டி போச்சுன்னு தெரியும்” என்றான்.

எப்படி என்று கேட்டேன்.

“ரெண்டு வருசம் அண்ணன் விட்ட எதிர் டீம் ஆள நாந்தான புடிச்சேன். வலது கால ஊனித் திரும்ப மாட்டாரு. அந்தப் பக்கமா எவன் போனாலும் நான் ஓடிப் போயி மறிப்பேன். கோச்சுக்குத் தெரியக் கூடாதுன்னு அம்புட்டு ஓட்டம் ஓடுனேன். அதனாலதான் அவரு நல்லா ஆடுதாருன்னு மொதலாளி நெனச்சாரு.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் இருவர்தான் மறைத்தோம் என்று நினைத்திருந்தேன். தன் இடத்தைப் பிடுங்கிய ஒப்பந்தத்தை அவனும் சேர்ந்துதான் வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

“அதுக்கு நா வருத்தப்படல மதினி” என்றான் தேங்காயை வண்டியில் போட்டுவிட்டு. “அன்னைக்கு வீட்டுக்கு வந்து கேட்டேன்ல. ஒரு வார்த்த. மொதலாளி மாட்டேன்னு சொல்லிருந்தாக்கூட நா பேசாமப் போயிருப்பேன். அவரு போயி கேக்கவே இல்ல.”

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவன் தேற்ற வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டேன். அவன் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தான். குடித்தேன். இங்கே இனிமேல் வர வேண்டாம், அப்பா கண்டால் ஏதாவது சொல்லிவிடுவார், உங்களை யாரும் பேசுவது எனக்குக் கஷ்டம் என்றான். கடைசி பஸ்ஸைப் பிடிக்க அந்த வண்டியிலேயே முன்னால் உட்கார வைத்து ரோடு வரை கொண்டுவந்து விட்டான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சென்டரை விட்டதை, கூமாப்பட்டி போனதை, அவன் மறித்து மறித்து ஓடியதை. அந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டதும் இவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நாங்கள் இருவர்தான் மறைத்தோம் என்றே அவரும் நினைத்திருந்தார். கோர்ட்டில் ஒருவன் தன்னைச் சுமந்துகொண்டு ஓடினான் என்பது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து இப்போது ஒன்றரை வருடம். முதலாளி தன் மில்லிலேயே ஸ்டோர் பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார். உதிரிப் பாகங்களை எடுத்துக் கொடுத்து நோட்டில் எழுத வேண்டும். பையன்கள் சிலர் இவர் யார் என்று தெரியாமலே வந்து பேரிங் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அது அவருக்கு ஆறுதலாக இருக்கிறது என்றார். நான் இங்கே ஒரு மருத்துவமனையில் பில் போடுகிறேன். முதலாளியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இந்த வேலையும் போகும் என்று ஒரு கணக்கு. அதையும் ஒளிக்காமல் எழுதி வைக்கிறேன்.

போன ஆவணியில் கூமாப்பட்டிக்காரனுக்குக் கல்யாணம். எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. பழைய ஆட்டக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரியும். அன்று காலையில் எழுந்து பார்த்தால் இவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி நிற்கிறார். நானும் வரவா என்று கேட்டேன். வேண்டாம், நான் மட்டும் போறேன் என்றார். கம்பை ஊன்றிக்கொண்டு தெருவில் நடந்து போவதை வாசலில் நின்று பார்த்தேன்.

மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். என்ன சொன்னான் என்று கேட்டேன்.

“வாங்கன்னு சொன்னான். அண்ணேன்னு கூப்பிடல.”

சாப்பிட்டீர்களா என்றேன். பந்தியில் உட்காரவில்லை, மொய் எழுதிவிட்டு மாப்பிள்ளை கையைப் பிடித்துவிட்டு வந்துவிட்டேன் என்றார். கையைப் பிடித்தபோது அவன் என்ன செய்தான் என்று நான் கேட்கவில்லை. சோறு மிச்சம் இருந்தது, ரசத்தைச் சூடு பண்ணி எடுத்து வைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.